அணையா அடுப்பு – வறட்சிக் காலமும் வள்ளற்பெருமான் வாழ்வும்

தைப்பூசம் என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவது முருகப்பெருமானும் காவடியும்தான். கலிபோர்னியாவின் வளைகுடாப் பகுதியில் வாழும் அன்பர்கள் தைப்பூசத்தை ஒட்டிக் கான்கார்டு சிவமுருகன் ஆலயத்திற்குப் பாதயாத்திரையாகச் செல்கிறார்கள். அதே தைப்பூச நாளில் தமிழ்நாட்டில் கடலூர் மாவட்டத்து வடலூரில் பெருங்கூட்டம் கூடுகிறது. சத்திய ஞான சபையில் ஏழு திரைகள் விலக, மக்கள் ஜோதி தரிசனம் காண்கிறார்கள்.

ஜோதியைக் கண்டு வெளியே வருபவர்கள் அருகிலேயே இன்னொரு நெருப்பையும் காணலாம். அது ஓர் அடுப்பு. 1867-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் தேதி மூட்டப்பட்டது. அன்று முதல் அணையாமல் எரிந்து வருகிறது. அதில் வெந்த சோறு, வந்தவர் யார் எவர் என்று கேட்காமல் பரிமாறப்படுகிறது.

அடுப்பை மூட்டியவர் இராமலிங்க சுவாமிகள் என்னும் வள்ளற்பெருமான். அவருடைய அருட்பாக்களை நம் குழந்தைகள் ஆலய வகுப்புகளில் பாடுகிறார்கள். ஆனால் அவர் எந்தக் காலத்தில் வாழ்ந்தார், அந்த அடுப்பு அப்போது எதற்காகத் தேவைப்பட்டது என்பதைப் பலரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். மழை பொய்த்துப் பயிர் கருகி மக்கள் பசியால் மடிந்த நூற்றாண்டு அது. அந்தப் பின்னணியோடு பெருமானின் வரலாற்றைச் சொல்ல முயல்கிறேன்.

பிறப்பும் இளமையும்

சிதம்பரத்திற்கு வடமேற்கே உள்ள மருதூர் என்னும் சிற்றூரில் 1823-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் தேதி இராமையா பிள்ளை, சின்னம்மையார் தம்பதியருக்கு ஐந்தாவது குழந்தையாக அவர் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தந்தையார் காலமாகிவிட்டார். தாயார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு முதலில் பொன்னேரிப் பக்கத்தில் உள்ள தம் பிறந்த ஊருக்கும், பிறகு சென்னைக்கும் வந்து சேர்ந்தார். மூத்த அண்ணன் சபாபதி பிள்ளை புராணச் சொற்பொழிவு செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார்.

தம்பியைப் படிக்க வைக்க அண்ணன் எவ்வளவோ முயன்றார். தம்பிக்கோ பள்ளிப் படிப்பில் மனம் செல்லவில்லை. கந்தகோட்டத்து முருகன் சந்நிதியே அவருக்குப் பள்ளியாயிற்று. அங்கு அவர் பாடிய தெய்வமணிமாலை இன்றும் கந்தசஷ்டி நாட்களில் நம் ஆலயங்களில் ஒலிக்கிறது.

அவருக்குப் பத்து வயது ஆகும் சமயத்தில், 1832–33-இல், தெலுங்கு மாவட்டங்களில் குண்டூர்ப் பஞ்சம் என்று பேர்பெற்ற கொடும்பஞ்சம் வந்தது. குண்டூர்ப் பகுதியில் இருந்த சுமார் ஐந்து லட்சம் மக்களில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர் என்பது பழைய கணக்கு. ஊரைவிட்டுச் சென்னையை நோக்கி நடந்தவர்கள் ஏராளம். சிறுவர் இராமலிங்கர் வளர்ந்தது அத்தகைய மக்கள் வந்து சேர்ந்த நகரத்தில்தான்.

1850-இல் உறவினர் வற்புறுத்தலால் தம் தமக்கை மகள் தனக்கோடி அம்மையாரை மணந்தார். ஆயினும் இல்வாழ்வில் அவர் மனம் நிலைக்கவில்லை. 1858-இல் சென்னையை விட்டுப் புறப்பட்டுச் சிதம்பரம் வந்து, பின்பு வடலூருக்கு அருகில் உள்ள கருங்குழியில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் தங்கினார். அங்கே ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. எண்ணெய்க்குப் பதிலாகத் தண்ணீரால் விளக்கு எரிந்ததாகச் சொல்லப்படும் அற்புதம் நிகழ்ந்தது அந்த வீட்டில்தான்.

ஒருவேளை உணவு

கருங்குழிக் காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை இங்கே சொல்ல வேண்டும். பெருமானின் பாடல்கள் ஓலையிலும் தாளிலும் சிதறிக் கிடந்தன. அவற்றைத் திரட்டி அச்சிட வேண்டும் என்று சென்னை அன்பர்கள் துடித்தனர். பெருமானுக்கோ அதில் நாட்டமில்லை. அன்பர்களில் ஒருவரான இறுக்கம் இரத்தின முதலியார் ஒரு விரதம் பூண்டார். பாடல்கள் தம் கைக்கு வந்து சேரும்வரை நாளுக்கு ஒரு வேளைதான் உண்பது என்பதே அந்த விரதம்.

எத்தனையோ வேண்டுகோளுக்கு அசையாத பெருமான், ஓர் அன்பர் தம் பொருட்டுப் பட்டினி கிடக்கிறார் என்று அறிந்ததும் இளகினார். பாடல்களைத் தருவதாகக் கடிதம் எழுதி, விரதத்தை விடும்படி கேட்டுக்கொண்டார். இப்படித்தான் திருவருட்பா நமக்குக் கிடைத்தது. தொழுவூர் வேலாயுத முதலியார் முதலிய அன்பர்களின் முயற்சியால் அது 1867-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அச்சேறியது. பிறர் பசியை அவரால் தாங்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மழை பொய்த்தால் என்ன நடக்கும்?

நம் பிள்ளைகள் இந்நாட்டில் இயற்கைச் சீற்றங்களைப் பற்றிப் பள்ளியில் படிக்கிறார்கள். வளைகுடாப் பகுதியில் நிலநடுக்கம், டெக்சாஸில் சூறாவளி, நியூ ஜெர்சியில் 2012-இல் வந்த சாண்டி புயல் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவையெல்லாம் நாள் குறித்து வருபவை. வந்த மணி நேரத்தைக்கூடச் சொல்லிவிடலாம். வறட்சி அப்படி வருவதில்லை. அது ஓசையில்லாமல் வரும். இன்று மழை இல்லை, நாளை வரும் என்று மக்கள் காத்திருப்பார்கள். காத்திருக்கும்போதே பாதி அழிவு நடந்து முடிந்திருக்கும்.

அக்காலத் தென்னாற்காட்டு விவசாயியை நினைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்தால் ஏரி நிரம்பும். ஏரி நிரம்பினால்தான் சம்பா விளையும். மழை பொய்த்தால் முதலில் வேலை இழப்பவர் நிலமில்லாத கூலியாள். நடவும் இல்லை, அறுவடையும் இல்லை, கூலி நெல் எங்கிருந்து வரும்? அதே சமயத்தில் சந்தையில் தானிய விலை ஏறும். கையில் காசு இல்லாதபோதுதான் அரிசி விலை இரட்டிப்பாகும்.

அடுத்து, வைக்கோல் இல்லாமல் மாடுகள் அடிமாட்டு விலைக்குப் போகும். வீட்டுப் பித்தளைப் பாத்திரம், பெண்களின் நகை, கதவு நிலை எல்லாம் ஒவ்வொன்றாக விலையாகும். கடைசியில் விதைநெல்லும் உலைக்குப் போகும். விதைநெல்லை உண்டுவிட்டால் மறு ஆண்டு மழை பெய்தாலும் விதைக்க ஒன்றும் இராது. அதன்பின் குடும்பம் வீட்டைப் பூட்டிவிட்டு நடக்கத் தொடங்கும். நடந்து இளைத்த உடலில் காலராவும் பெரியம்மையும் எளிதில் புகுந்துவிடும். பஞ்சங்களில் பட்டினியால் நேராக இறந்தவர்களோடு நோயால் இறந்தவர்களையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

திருவருட்பா ஆறாம் திருமுறையில், பயிர் வாடக் கண்டபோதெல்லாம் தாமும் வாடியதாகப் பெருமான் பாடியிருப்பதை அறியாத தமிழர் இல்லை. பெரும்பாலும் அந்த முதல் அடியை மட்டுமே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அந்தப் பாடலை முழுவதும் படித்துப் பாருங்கள். முதலில் வாடும் பயிர் வருகிறது. அடுத்து, வீடு வீடாகப் பிச்சை கேட்டும் பசி தீராமல் சோர்ந்தவர்கள் வருகிறார்கள். அதற்கடுத்து, நெடுநாள் நோயில் வருந்துபவர்கள். இறுதியில், மானம் விடாமல், கேட்கவும் வாய் வராமல், ஏழ்மையில் உள்ளுக்குள்ளேயே இளைத்துப் போனவர்கள்.

ஒரு வறட்சி ஊருக்குள் எப்படி நடந்து வருமோ அதே வரிசை! பயிர், பசி, பிணி, மானமுள்ள ஏழை. அப்பாடலை ஓர் ஆன்மீக உருக்கமாக மட்டும் நாம் பாடி வந்திருக்கிறோம். தம் கண்முன்னே நடந்ததைக் கண்டு சொன்ன ஒருவரின் வாக்குமூலம் என்றும் அதைக் கொள்ளலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1866-ஆம் ஆண்டும் தருமச்சாலையும்

1865–66-இல் மழை பொய்த்தது. வடக்கே ஒரிசாவில் சுமார் பத்து லட்சம் மக்கள் மாண்டனர். அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த கஞ்சம் மாவட்டமும் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. மாகாணத்தின் மற்றப் பகுதிகளிலும் தானிய விலை ஏழைகளுக்கு எட்டாத உயரத்துக்குப் போயிற்று.

அதற்கு அடுத்த ஆண்டிலேயே பெருமான் தருமச்சாலை தொடங்கும் பணியில் இறங்கினார். 1865-இல் நிறுவிய சன்மார்க்க சங்கம் ஏற்கனவே இருந்தது. பார்வதிபுரம் என்னும் வடலூர் மக்கள் சுமார் எண்பது காணி நிலத்தை எழுதிக் கொடுத்தனர். அந்த இடத்தின் சிறப்பைக் கவனிக்க வேண்டும். சென்னையிலிருந்து கும்பகோணம் செல்லும் சாலையும், கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையும் சந்திக்கும் இடம் அது. ஊரைவிட்டு நடப்பவர்கள் கடந்து போகும் வழி. பசித்தவரைத் தேடி அலைய வேண்டாம், அவர் வரும் வழியிலேயே அடுப்பு இருக்கும்!

1867 மே 23 அன்று எளிய கூரைக் கட்டடம் ஒன்றில் சத்திய தருமச்சாலை தொடங்கியது. இருபத்தோரு அடி நீளமுள்ள அடுப்பில் பெருமான் நெருப்பை மூட்டினார். அந்தச் சாலைக்கு எந்த அரசரும் மானியம் கொடுக்கவில்லை. சுற்று வட்டாரக் குடியானவர்களும் வணிகர்களும் அரிசியும் பருப்பும் விறகும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர்களுக்கும் அது கஷ்ட காலம்தான்.

ஒரு நாள் இரவு சாலையில் அரிசி தீர்ந்துவிட்டது. மறுநாள் உலைக்கு ஒன்றுமில்லை என்று தொண்டர்கள் கலங்கிப் பெருமானிடம் சொன்னார்கள். காலையில் வரும், கவலை வேண்டாம் என்று ஆறுதல் கூறினார். பொழுது விடியும் சமயத்தில் அயலூர் அன்பர் ஒருவர் வண்டிகளில் அரிசி மூட்டைகளோடு வந்து நின்றார் என்று பெருமானின் வரலாறு எழுதியவர்கள் கூறுகிறார்கள். அன்பர்கள் இதை அற்புதம் என்று போற்றுகிறோம். எனக்கு அந்த வண்டிக்காரரும் அற்புதமாகவே தெரிகிறார். தம் களஞ்சியத்தைத் தாமே திறந்து, இரவெல்லாம் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தவர் அல்லவா?

பசித்தவருக்குத் தகுதி பார்க்கலாமா?

பெருமான் எழுதிய உரைநடை நூல்களில் சிறந்தது ஜீவகாருண்ய ஒழுக்கம். பசி வந்தால் உடலும் மனமும் எப்படிப் படிப்படியாகத் தளர்ந்து போகின்றன என்பதை ஒரு வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் அதில் விவரிக்கிறார். அறிவு மங்குகிறது, கண் பஞ்சடைகிறது, காது இரைகிறது, நாவு வறள்கிறது. உணவு கிடைத்தவுடன் அத்தனையும் திரும்பித் தெளிவதையும் சொல்கிறார். பசியைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவரால்தான் அப்படி எழுத முடியும்.

அந்நூலில் ஒரு கேள்வியை அவரே எழுப்புகிறார். பசியும் வறுமையும் முன்வினையால் கடவுள் விதித்தவை என்றால், பசித்தவருக்கு உணவிடுவது கடவுள் கட்டளைக்கு விரோதம் ஆகாதா? இன்றுகூடச் சிலர் கேட்கும் கேள்வி இது. பெருமானின் விடை எளிமையானது. பெருங்குற்றம் செய்தவனைச் சிறையில் விலங்கிட்டு வைக்கும் அரசன்கூட, தன் சேவகர்களைக் கொண்டு அவனுக்குச் சோறு போடுகிறான். அரசனே அப்படி என்றால், கருணையே வடிவான கடவுள் பசித்தவரைப் பட்டினி போடவா விரும்புவார்?

தேசம், சமயம், சாதி, நடத்தை எதையும் விசாரிக்காமல் பசியாற்ற வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. புலால் உண்ணாமையை அவ்வளவு வலியுறுத்திய அவர், புலால் உண்பவருக்கும் பசி என்றால் சோறு போடத்தான் வேண்டும் என்றார். சாதிக்கு ஒரு பந்தி இருந்த காலத்தில் அவர் இதைச் சொல்லி, செய்தும் காட்டினார் என்பதை நாம் மறக்கக் கூடாது.

கடைசி ஆண்டுகள்

1870-இல் பெருமான் மேட்டுக்குப்பத்திற்குச் சென்று சித்தி வளாகத்தில் தங்கினார். 1872 தைப்பூசத்தில் வடலூர் சத்திய ஞான சபையில் முதல் ஜோதி தரிசனம் நடந்தது. கவனியுங்கள், சோற்றுக்கான சாலை 1867-இல் வந்தது. வழிபாட்டுக்கான சபை ஐந்தாண்டுகள் கழித்தே வந்தது. 1873 அக்டோபரில் சன்மார்க்கக் கொடி ஏற்றி அன்பர்களுக்கு நீண்ட உபதேசம் செய்தார். 1874 ஜனவரி 30 அன்று அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். அவர் ஜோதியில் கலந்தார் என்பது அன்பர்களின் நம்பிக்கை. அப்போது அவருக்கு வயது ஐம்பது.

அதன்பின் வந்த பெரும்பஞ்சம்

பெருமான் மறைந்து மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை. 1876-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 1877-இல் பசிபிக் கடல் வெப்பமடையும் எல் நினோவால் தென்மேற்குப் பருவமழையும் கைவிட்டது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் நடுங்கிச் சொன்ன பஞ்சம் அதுதான். தென்னிந்தியாவிலும் பம்பாய் மாகாணத்திலும் 1878 வரை நீடித்தது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர் என்பது மதிப்பீடு. ஆராய்ச்சியாளர் சிலர் இன்னும் அதிகம் என்கிறார்கள்.

மழை பொய்த்தது வானத்தின் செயல். அத்தனை பேர் இறந்தது வானத்தால் மட்டும் அன்று. நாட்டில் பஞ்சம் தலைவிரித்தாடியபோதே கப்பல்களில் தானியம் ஏற்றுமதி ஆயிற்று. 1877 ஜனவரியில் டில்லியில் விக்டோரியா மகாராணியின் பட்டத்துக்காகப் பெரிய தர்பார் நடந்தது. நிவாரண வேலையில் கல்லுடைத்த ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று சர் ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தார். சென்னையின் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் அதை எதிர்த்து வாதாடினார். சில மாதங்களுக்குப் பிறகே அந்த அளவு உயர்த்தப்பட்டது. நிவாரணம் கேட்பவர் உண்மையிலேயே ஏழையா என்று சோதிப்பதிலேயே அரசாங்கம் முனைப்பாக இருந்தது. கேட்காமல் சோறு போட்ட வடலூர் அடுப்பை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நல்ல உள்ளங்களும் இல்லாமல் இல்லை. பெருமானின் காலத்தவரான மாயூரம் வேதநாயகம் பிள்ளை தம் சொத்தைச் செலவழித்து மாயூரத்தில் கஞ்சி வார்த்தார். ஆனாலும் வடலூர் போன்ற அடுப்புகள் ஊருக்கு ஊர் இல்லை. பசியால் விரட்டப்பட்டுத் தமிழர்கள் பெருந்தொகையாக இலங்கைத் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கும் மற்றக் கடல் கடந்த நாடுகளுக்கும் சென்றார்கள். நாம் படிப்பையும் வேலையையும் நம்பி விமானத்தில் வந்தவர்கள். நமக்கு முன்னே கடல் கடந்தவர்களில் பலர் வறட்சியால் வந்தவர்கள் என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். 1880-இல் பஞ்ச ஆணைக்குழு அறிக்கை கொடுத்த பிறகே, பஞ்ச காலத்தில் அரசு செய்ய வேண்டியவற்றை விதிகளாக எழுதி வைத்தார்கள்.

இங்கே நாம்

வறட்சி நம்மை விட்டு எங்கும் போய்விடவில்லை. 2011-இல் டெக்சாஸ் வரலாறு காணாத வறட்சியைக் கண்டது. விவசாயிகள் தீவனம் இல்லாமல் மாட்டு மந்தைகளை விற்றார்கள். கலிபோர்னியாவில் 2012 முதல் 2016 வரை நீடித்த வறட்சியில், 2015-இல் நகரங்களின் தண்ணீர்ச் செலவை 25 சதவிகிதம் குறைக்க ஆளுநர் உத்தரவிட்டார். மழைக்குப் பேர்போன நியூ ஜெர்சியிலும் 2024 அக்டோபரில் ஏறக்குறைய ஒரு துளியும் விழவில்லை, காடுகள் தீப்பற்றின.

நம்மில் பலருக்கு அதனால் வந்த கஷ்டம் என்ன? புல்தரை பழுப்பானது, காரைக் கழுவ முடியவில்லை. ஆனால் கலிபோர்னியாவின் துலாரே மாவட்டத்தில் ஈஸ்ட் போர்ட்டர்வில் என்னும் ஊரில் வீட்டுக் கிணறுகள் வற்றி, குளிக்கவும் சமைக்கவும் மக்கள் வாளித் தண்ணீரை நம்பியிருந்தார்கள். வயல் தரிசாகக் கிடந்ததால் வேலை இழந்த தோட்டத் தொழிலாளர்களுக்கு உணவுப் பெட்டிகள் வழங்க வேண்டியிருந்தது. 1866-இல் தென்னாற்காட்டில் முதலில் அடிபட்ட கூலியாளும் இவர்களும் ஒரே இனம்தான். நாம் கடையில் வாங்கும் திராட்சையும் பாதாமும் தக்காளியும் அவர்கள் கையால் வந்தவை.

நம் ஆலயங்களில் ஞாயிறுதோறும் அன்னதானம் நடக்கிறது. சாம்பார் சாதமும் தயிர் சாதமும் சுவையாகவே இருக்கின்றன. உண்பவர் பெரும்பாலும் காரில் வந்து காரில் போகும் நம் குடும்பங்கள்தான். அதில் குற்றம் ஒன்றுமில்லை, பிரசாதம் எல்லோருக்கும் உரியது. ஆனால் வள்ளற்பெருமான் பெயரைச் சொல்லி அன்னதானம் செய்யும்போது, பசித்தவர் வரும் வழியில் அவர் அடுப்பை வைத்தார் என்பதையும் நினைக்க வேண்டும். நம் ஊரின் பசித்தவர் நம் ஆலயத்துக்கு வருவதில்லை. அவருக்கு நம் வாசல் தெரியாது. அவர் நிற்கும் உணவு வங்கி வரிசை எந்தத் தெருவில் இருக்கிறது என்று நமக்கும் தெரியாது.

ஒரு யோசனை சொல்லி முடிக்கிறேன். ஒவ்வொரு குடும்பமும் சமையலுக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடி தனியே எடுத்து வைக்கலாம். அது நம் பாட்டிமார் செய்த பழக்கம்தான். மாதம் ஒரு முறை ஆலயத்தில் அதைச் சேர்த்து, பருப்போடு நம் ஊர் உணவு வங்கிக்குக் கொடுக்கலாம். மூட்டை தூக்கவும் வரிசையில் நிற்பவருக்கு எடுத்துக் கொடுக்கவும் நம் இளைஞர்களை அனுப்பலாம். திருவருட்பா வகுப்பில் அவர்கள் மனப்பாடம் செய்த பாட்டுக்கு அங்கே பொருள் விளங்கும்.

அக்டோபர் 5-ஆம் நாளைத் தனிப்பெருங்கருணை நாள் என்று அறிவித்த தமிழக அரசு, 2022-இல் பெருமானின் இருநூறாவது பிறந்த ஆண்டு விழாவைத் தொடங்கியது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பிள்ளைகளை வடலூருக்கு அழைத்துச் செல்லுங்கள். ஜோதி தரிசனம் ஆனதும் அந்த அடுப்பையும் காட்டுங்கள். பந்தியில் உட்கார்ந்து ஒரு வாய் சோறு உண்ணச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்காருபவர் யார் என்று கேட்க வேண்டாம் என்றும் சொல்லி வையுங்கள்.

எல்லா உயிர்களும் பசி நீங்கி இன்புற்று வாழ எல்லாம்வல்ல இறைவன் அருள்வானாக.